ஆறு கான் டீசலும் ஒரு வியெந்தோவும்

திருகோணமலை உள் துறைமுகத்தில் நங்கூரம் போடும் வெளிநாட்டுப் பாய்ப்படகு எதுவானாலும் பாஹிம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். தண்ணீர் வேண்டுமா, மரக்கறி வேண்டுமா, உடுப்புத் தோய்க்கக் கொடுக்க வேண்டுமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. தன் ஃபைபர் படகை அவர்களுடைய படகோடு அணைத்து நிறுத்தி, கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பதினைந்து வருடத்தில் பொறுக்கிச் சேர்த்த ஆங்கிலத்தில் கேட்பார்: எந்தக் காற்றில் வந்தீர்கள்?

அது உபசாரத்துக்குக் கேட்பது அல்ல, சோதனை. கிண்ணியாவில் பிறந்து தண்ணீரில் பிழைத்தவர்களுக்கு வெறும் காற்று என்று ஒன்று கிடையாது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கென்றால் சோழகம், மேற்கென்றால் கச்சான். கரையில் நின்று "காத்து அடிக்குது" என்று மட்டும் சொல்பவன் மீன் வாங்க வந்தவன், பிடிக்க வந்தவன் அல்ல. வெளிநாட்டார் விஷயத்திலும் இந்தக் கணக்குப் பிழைத்ததில்லை. ஒரு ஜெர்மன்காரர் திசைமானியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். ஓர் ஒஸ்திரேலியப் பெண் கடல் வரைபடத்தை விரித்து அரை மணித்தியாலம் விளக்கினாள். பெயரோ திசையோ வந்தால் ஆள் கடலோடி. வராவிட்டால் ஆள் வேறு எதுவோ.

எலாதியோவுக்கு வரவில்லை.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த நாலாம் நாள், பச்சை நிறப் படகு ஒன்றில் தனியே வந்து சேர்ந்த ஸ்பானியர் அவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தாடி பல நாள் கத்தரிக்கோல் காணாதது. பாஹிம் கேள்வியைக் கேட்டதும் கையை வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வியெந்தோ" என்றார்.

"ஓம், ஓம். எந்தப் பக்கத்துக் காற்று?"

"வியெந்தோ, வியெந்தோ." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே ஒழுங்காகச் சுருட்டிக் கிடந்த ஒரு கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் சுருட்டத் தொடங்கினார். பிறகு குனிந்தபடியே தனக்கு டீசல் வேண்டும் என்றார். ஆறு கான்.

ஆறு கான் என்றால் நூற்றிருபது லீற்றர். பாஹிம் கரைக்குத் திரும்பும்போதே மனதுக்குள் பிரித்துப் பார்த்துவிட்டார். அந்த அளவுச் சின்ன எஞ்சினுக்கு மணித்தியாலத்துக்கு இரண்டு லீற்றர் போகும். அப்படியானால் அறுபது மணித்தியாலம் ஓடியிருக்கிறது. காற்றில் வந்தவருக்கு இவ்வளவு டீசல் எங்கே போனது?

பாஹிம் இப்படிச் சந்தேகப்படப் பிறந்தவர் அல்ல. கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன், 'பாதை' என்று ஊர் சொல்லும் மிதவையில் பயணிகளின் சைக்கிள்களை ஏற்றி இறக்கித் தொழில் தொடங்கியவர். பாலம் வந்ததும் மிதவை நின்றது. கையிலிருந்ததைப் போட்டு ஒரு படகு வாங்கி, துறைமுகத்துக்குள் போய்வர அனுமதி அட்டை எடுத்து, வெளிநாட்டுப் படகுகளுக்குச் சாமான் ஏற்றத் தொடங்கினார். சிரித்த முகம், சொன்ன நேரம். கடலோடிகள் ஒருவருக்கொருவர் அவருடைய தொலைபேசி இலக்கத்தைச் சொல்லி அனுப்பினார்கள்.

ஆறு வருடங்களுக்கு முன்புதான் எல்லாம் மாறியது. இளம் சோடி ஒன்று, நகரத்திலிருந்து ஒரு பெட்டியை அவருடைய படகில் ஏற்றிக்கொண்டு போனது. விளையாட்டுச் சாமான் என்றார்கள். மறுநாள் அந்தச் சாமான் கெமராவோடு பறந்து, பறக்கக் கூடாத இடத்துக்கு மேலே பறந்தது. சோடியை விசாரித்தார்கள். பெட்டி ஏற்றியவரையும் இரண்டு நாள் இருத்தி விசாரித்தார்கள். அட்டை ஏழு மாதம் இல்லை. அந்த ஏழு மாதமும் மனைவி சுஹைரா இடியப்பம் அவித்து விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரே வசனம் சொன்னார்கள்: இனி ஒருமுறை உங்கள் பெயர் வந்தால், இது கிடையாது.

அன்றிலிருந்து பாஹிம் எதையும் தூக்கிப் பார்த்துத்தான் படகில் ஏற்றுவார். இப்போது அட்டை புதுப்பிக்கும் நாள் வேறு வந்துகொண்டிருந்தது. வருகிற வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போக வேண்டும். இந்த வருடம் யாரை ஏற்றினீர்கள், வித்தியாசமாக எதையும் கண்டீர்களா என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்த பிறகு ஏதாவது வெளிப்பட்டால் கதை முடிந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் சஞ்சீவன் வந்தான். சல்லிக் கிராமத்தைச் சேர்ந்தவன், இறங்குதுறை வாசலில் ஓட்டோ ஓட்டுகிறவன். தேநீர்க் கடையில் பாஹிமுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டான்.

"நானா, உங்கட ஆள் ஒரு மாதிரி."

"என்ர ஆள் இல்லை. விசயத்தைச் சொல்லு."

"மீன் சந்தைக்குக் கொண்டு போனனான். மீன் வாங்கேல்லை. விக்கிற மனுசியிட்டப் போனை நீட்டி, வாயால ஊதிக் காட்டி, இதுக்கு என்ன சொல்லுவீங்கள் எண்டு கேக்கிறார். அவ நினைச்சா, சுடுற மீனுக்கு ஊதுறார் எண்டு. 'ஐயா, இது பச்சை மீன், ஊதத் தேவையில்லை' எண்டா."

கடைக்காரர் சிரித்தார். பாஹிம் சிரிக்கவில்லை.

"பிறகு?"

"பிறகு பாலையூற்றுக்கு. தச்சு வேலை செய்யிற ரொயிஸ்டன் அண்ணை வீட்டை. அங்கயும் ஊதினார். அண்ணை தங்கட பறங்கிப் பாஷையில 'வேந்து' எண்டு சொன்னதுதான், இந்த மனுசன் எழும்பி நிண்டு அவரைக் கட்டிப்பிடிச்சிட்டார். அண்ணை வெலவெலத்துப் போனார்."

ரொயிஸ்டன் வீட்டாரைப் போல இந்தப் பகுதியில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. போர்த்துக்கேயர் வந்த காலத்தோடு வந்த பேச்சை வீட்டுக்குள் பேசுகிறவர்கள். பாஹிமுக்கு அது தெரியும். ஆனால் அதைக் கேட்டுக் கட்டிப்பிடிப்பார்களா?

"ஒரு சொல்லுக்காடா?"

"ஒரு சொல்லுக்குத்தான். எனக்கெண்டா, காத்தைப் பையில கட்டிக்கொண்டு போய் அங்க விக்கப்போறார் போல. உங்களுக்கும் ஒரு பங்கு கேட்டுப் பாருங்கோவன்."

சொல் ஒரு சாட்டு என்று பாஹிம் தீர்மானித்தார். ஒரு நகரத்துக்குள் எல்லா வாசலுக்கும் போக, எல்லாரோடும் கதைக்க, போனை எல்லா இடத்திலும் நீட்ட, இதைவிட நல்ல சாட்டு வேறு இல்லை.

அன்று பின்னேரம் தண்ணீர்க் கான்களை ஏற்றிக்கொடுக்கும்போது, படகின் உள்ளறை மேசையில் ஒரு கொப்பி விரிந்து கிடந்தது. எலாதியோ முன்பக்கம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாஹிம் எட்டிப் பார்த்தார். இடப்பக்கம் துறைமுகங்களின் பெயர், நடுவில் திகதி, வலப்பக்கம் ஒரு சொல். ஆறு வருடத் திகதிகள். வீகோ, லிஸ்பன், காடிஸ், மார்செய், பலேர்மோ, ருமேனியாவில் ஏதோ ஓரிடம், மலாக்கா. அவற்றுக்கு எதிரே எழுதியிருந்த சொற்களை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். வெந்தோ, வேந்து, வியெந்தோ, வான், வெந்து, வின்த், பெந்து. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் முகங்களைப் போல எல்லாம் ஒன்றுக்கொன்று சாயலாக இருந்தன. கடைசி வரியில் திருகோணமலை என்றும் திகதியும் இருந்தன. வலப்பக்கம் வெறுமை.

ரொயிஸ்டன் வீட்டில் சொல் கிடைத்துவிட்டதே. கட்டிப்பிடிக்கும் அளவுக்குச் சந்தோசப்பட்டவர் ஏன் அதை எழுதவில்லை?

செவ்வாய் காலை பாஹிம் ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறினார். வெளிநாட்டுப் படகுகளின் கடதாசி வேலைகளைச் செய்துகொடுக்கும் முகவர் அலுவலகம் அங்கே இருந்தது. அங்கே வேலை செய்யும் கீர்த்தனி எலாதியோவின் கோப்பை எடுத்தாள்.

"தொழில், மணிக்கூடு திருத்துறவர். இப்ப ஓய்வு."

"மணிக்கூடு திருத்திற கைக்கு வேற சாமானும் திருத்த ஏலும், தங்கச்சி."

"நானா! உங்களுக்கு இப்ப மழை பெய்தாலும் ஆரோ மேல நிண்டு ஊத்துறான் எண்ட நினைப்பு." அவள் பக்கத்தைப் புரட்டினாள். புரட்டிய கை நின்றது. "ஆனா ஒண்டு. மலேசியாவில வெளிக்கிட்ட திகதியைப் பாத்தா இருபத்தொரு நாள் ஆகியிருக்கு. மற்றப் படகுகள் பன்னிரண்டு நாளில வந்திடும்."

"ஒன்பது நாள் எங்க நிண்டவர்?"

"அது இதில எழுதேல்லை. சந்தேகம் எண்டா சொல்லுங்கோ, நான் எழுதி அனுப்புறன். ஆனா அனுப்பினாப் பிறகு திருப்பி எடுக்க ஏலாது. அவரைக் கிழமைக்கணக்கா மறிச்சும் வைப்பினம்."

"பொறு. நான் ஒருக்காக் கேட்டுட்டு வாறன்."

பின்னேரம் எலாதியோவைக் கரைக்கு ஏற்றிவரும்போது, துறைமுகத்தின் நட்டநடுவில் பாஹிம் எஞ்சினை நிறுத்தினார். சுற்றிவரத் தண்ணீர். எழுந்து போய்விட முடியாத இடம். மூன்று விரலை மடக்கி மடக்கி, தன் ஆங்கிலத்தில் சொன்னார். டீசல் ஆறு கான். நாள் இருபத்தொன்று. கேட்டால் வியெந்தோ. "வியெந்தோவில் வரவில்லை நீ. ஏன் பொய் சொன்னாய்?"

எலாதியோவின் தாடிக்கு மேலே கன்னங்கள் சிவந்தன. பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார். அவருடைய ஆங்கிலமும் பாஹிமுடையதைப் போலத்தான், அதனால் விளங்கியது.

ஒன்பது நாள் காற்றே இல்லை. கடல் கண்ணாடி. பாய் பழந்துணி போலத் தொங்கியது. குடிதண்ணீர் பத்து லீற்றருக்கு வந்ததும் எஞ்சினைப் போட்டார். போட்டது போட்டதுதான், துறைமுகத்துக்குள் வரும்வரை நிறுத்தவில்லை. ஊரில் ரமோன் என்று ஒரு மச்சான், மனைவியின் தம்பி. ஆறு வருடங்களுக்கு முன் மதுக்கடை ஒன்றில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். காற்றுக்குத் தங்கள் பாஷையில் உள்ள சொல், அதன் சொந்தக்காரச் சொற்கள், எவ்வளவு தூரம் கடலில் போயிருக்கும்? ருமேனியாவுக்கு அப்பால் இரண்டு துறைமுகத்தில்கூட இராது என்று ரமோன் பந்தயம் பிடித்தார். இருக்கும், நான் கேட்டு வருகிறேன் என்றார் இவர். ஒரேயொரு நிபந்தனை: காற்றைத் தேடிப் போகிறவர் காற்றில்தான் போய்ச் சேர வேண்டும். எஞ்சினில் நுழைந்த துறைமுகத்தின் சொல் கணக்கில் வராது.

"அதுதான் எழுதவில்லை. அதுதான் நீ கேட்டபோது சொல்லவில்லை. வெட்கம்."

"வென்றால் என்ன கிடைக்கும்?"

"ஒரு மத்தியானச் சாப்பாடு."

"ஆறு வருசம், ஒரு சோத்துக்கா?" பாஹிம் தமிழிலேயே கேட்டுவிட்டார். எலாதியோ போனைத் திறந்து காட்டினார். மொட்டைத் தலை மச்சான் ஒருவர் அனுப்பிய குரல் பதிவுகள், சிரிப்புகள், இறால் தட்டு ஒன்றின் படம்.

அந்த வெட்கம் பாஹிமுக்குப் புதியதல்ல. கிண்ணியாக்காரரின் எஞ்சின் கடலில் செத்துவிட்டால், இன்னொருவர் கட்டி இழுத்துத்தான் கொண்டு வருவார். ஆனால் கரை கண்ணுக்குத் தெரிந்ததும் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, துடுப்பு வலித்துத் தானே வருவது போல வந்து சேருவார்கள். கேட்டால் எஞ்சினைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். பாஹிமும் இரண்டு முறை அப்படி வந்திருக்கிறார். அரைவாசி நம்பிவிட்டார்.

அப்போது எலாதியோ முன்னுக்குக் குனிந்தார். "ஒரு உதவி. நாளைக்கு என்னை வெளியே இழுத்துக்கொண்டு போ. கரை மறையும் தூரத்துக்கு. பின்னேரம் நான் பாயில் திரும்பி வருகிறேன். பிறகு எழுதலாம்."

நம்பிய அரைவாசியும் தண்ணீரில் விழுந்தது. கரை மறையும் தூரத்துக்குப் போய், யாரும் காணாத இடத்தில் நின்று, திரும்பி வருவது. வெளியே எந்தப் படகு காத்திருக்கும், எதை மாற்றிக் கொடுக்கும், யார் கண்டது? இந்தத் துறைமுகத்தில் எந்தப் படகோட்டியும் கனவில் காண விரும்பாத வேலை அதுதான். ஆறு வருடமும் பந்தயமும் இறால் தட்டும் இதற்குத்தானா?

பாஹிம் முகத்தை மாற்றாமல் ஒரு பொறி வைத்தார். "வெளியே வேண்டாம். உள்ளுக்குள்ளேயே பாயை விரித்து அந்தக் கரை போய்த் திரும்பி வா. எல்லாரும் பார்க்கட்டும்."

காற்றுத்தான் தேவையென்றால் ஒத்துக்கொள்வார். கடல்தான் தேவையென்றால் மாட்டார்.

எலாதியோ யோசித்தார். தலையை ஆட்டினார். "இல்லை. அது வருவது ஆகாது. கடலிலிருந்துதான் வர வேண்டும்."

பாஹிம் எஞ்சினைப் போட்டார்.

புதன் முழுக்க அவர் தன்னோடு தானே வழக்காடினார். சுஹைராவிடம் சொன்னபோது அவள் மா குழைத்த கையோடு நின்று கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, அந்த மனுசன் பொய் சொல்றாரெண்டு நினைக்கிறீங்களா?"

"தெரியா."

"அப்ப உண்மை சொல்றாரெண்டு நினைக்கிறீங்களா?"

"அதுவும் தெரியா."

"எனக்கு அந்த ஏழு மாசம் நல்லாத் தெரியும்" என்றாள் சுஹைரா. சொல்லிவிட்டு மாவைக் குழைக்கப் போனாள்.

வியாழன் காலை அலுவலகத்தில் பாஹிமின் பழைய அட்டை மேசைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அதிகாரி மரியாதையானவர், தமிழும் கதைத்தார். வித்தியாசமாக ஏதாவது கண்டீர்களா என்று கேட்டார். பாஹிம் எல்லாவற்றையும் சொன்னார். டீசல், இருபத்தொரு நாள், கொப்பி, மச்சான், பந்தயம், வெளியே போய்த் திரும்பி வரக் கேட்டது. ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. சந்தையில் ஊதிக் காட்டிய கதைக்கு அதிகாரி புன்னகைத்தார். வெளியே போகக் கேட்ட இடத்தில் புன்னகை நின்றது.

"அவருக்கு அனுமதி குடுத்து வெளியே விட்டால், வெறுங்கையோட திரும்பி வருவாரா? நீங்கள் கனகாலம் இந்தத் தொழில்ல இருக்கிறீங்கள். உங்கட மனசில என்ன படுது?"

ஓம் என்றால் அந்த ஓம் அவருடைய பெயரில் எழுதப்படும். பாஹிம் மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்தார். அதிலிருந்த படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது, சேர்."

வெள்ளி காலை நாலு பேர் பச்சைப் படகில் ஏறினார்கள். பலகை பலகையாகப் பார்த்தார்கள். மணிக்கூடு திருத்தும் ஆயுதங்கள், மத்தி மீன் டின்கள், தைத்துத் தைத்துப் பழுதான இரண்டு பாய்கள். கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்தார்கள். தப்பாக ஒன்றும் கிடைக்கவில்லை. யாரும் கடுமையாக நடக்கவும் இல்லை. வெளியே போய்த் திரும்பி வர அனுமதி இல்லை, சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன் அடுத்த துறைமுகத்துக்குப் புறப்படலாம் என்று மட்டும் சொன்னார்கள். பாஹிமுக்கு ஒரு வருடத்துக்கு அட்டை கிடைத்தது.

சனி காலை கீர்த்தனி கொடுத்த கடதாசிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் பாஹிம்தான். எலாதியோ வாங்கிக்கொண்டார். கோபம் காட்டவில்லை, நட்பும் காட்டவில்லை. தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல நன்றி சொன்னார். துறைமுகத்தின் வாய்முகம் தாண்டும்வரை கூடப் போகும்படி பாஹிமுக்குச் சொல்லியிருந்தார்கள்.

எஞ்சின் சத்தத்துக்காகப் பாஹிம் காத்திருந்தார். வரவில்லை. எலாதியோ நங்கூரத்தைக் கையாலேயே இழுத்து ஏற்றினார். பாயை விரித்தார். கரையிலிருந்து கச்சான் இருக்கிறதா இல்லையா என்ற அளவில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பிடி கிடைக்கும் இடத்தைத் தேடி, படகை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாகச் சரித்து, நின்றால் பொறுத்து, அசைந்தால் எடுத்து, எஞ்சினில் இருபது நிமிடத்தில் கடக்கும் தூரத்தை ஒன்றரை மணித்தியாலத்தில் கடந்தார். ஒருமுறை, தண்ணீரில் எந்த அசைவும் தெரியாதபோதே தொப்பியைக் கழற்றிவிட்டுப் பாயைத் திருப்பினார். அதன் பிறகுதான் பாஹிமின் கழுத்தில் காற்றுப் பட்டது. பாஹிமுக்கு முன்பே காற்று மாறியதை அறிந்தவர்களை அவர் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கடலோடி. அதில் இனிச் சந்தேகம் இல்லை. கடலோடியெல்லாம் நல்லவன் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று மனம் உடனே குறுக்கே வந்தது.

வாய்முகத்தில் பாஹிம் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தால் காண வேண்டும் என்று தனக்குத் தானே காரணம் சொன்னார். பாய் கை அளவானது, விரல் அளவானது. மத்தியானம் தாண்டியதும் கச்சான் ஓய்ந்து கொண்டல் எழும்பியது. உள்ளே வருவதற்கு இதைவிட நல்ல காற்றில்லை. திரும்புவதென்றால் இப்போதுதான் திரும்ப வேண்டும். பாஹிம் எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்தப் பாய் திரும்பவில்லை.

கரைக்கு வந்து கீர்த்தனிக்கு அழைப்பு எடுத்தார்.

"போயிட்டார், தங்கச்சி."

"திரும்பி வரேல்லைத்தானே?"

"இல்லை." தான் நினைத்திருந்த குரலில் அந்தச் சொல் வரவில்லை. "அடுத்தது எங்க எண்டு குடுத்திருக்கிறார்?"

"கோவா எண்டு போட்டிருக்கு. அங்கயும் அந்தச் சொல்லைச் சொல்லுற ஆக்கள் இருக்கினமாம். ஏன் நானா, இன்னும் சந்தேகமோ? இந்த மாதத்தில அங்கால போய்ச் சேர எத்தனை நாள் எடுக்கும்?"

பாஹிம் கடல் பக்கம் திரும்பினார். தீவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால், சித்திரை முடியும்வரை காற்று இராது என்பது அவருக்குத் தெரியும். எஞ்சினைப் போட்டால் அந்தச் சொல்லும் கணக்கில் வராது.